யார் எவ்வளவு குறைப்பது?
வறட்சிக் காலத்தில் நகரமும் வீட்டுத் தண்ணீரும்

(கனடாவின் யூனியன்வில்லில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வறட்சி வரும்போது ஒரு நகரம் தன் மக்களைப் பார்த்து, "இனி ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர்" என்று சட்டம் போடலாமா, போட்டால் எப்படிப் போட வேண்டும் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ஒன்ராறியோ ஏரியின் பக்கத்தில் வாழும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்கும் வருகிறேன். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வறட்சியில் தண்ணீர் குறையத்தான் போகிறது. சட்டம் போட்டாலும் குறையும், போடாவிட்டாலும் குறையும். யாருடைய வீட்டில் எவ்வளவு குறையும் என்பதை மட்டுமே சட்டம் தீர்மானிக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் அதைப் பணம் தீர்மானிக்கும். எனவே கட்டாயக் குறைப்பைத் தொல்லை என்று எண்ணாமல் நாம்தான் முன்வந்து கேட்டுப் பெற வேண்டும். அதுவும் வறட்சி வருவதற்கு முன்பே.

சென்னையிலிருந்து தொடங்குகிறேன். இந்த அவையில் பலர் சில காலமாவது சென்னையில் இருந்தவர்கள். குடத்தோடு வரிசையில் நின்ற நினைவு உள்ளவர்கள். சென்னையின் குடிநீர் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளை நம்பியது. அவற்றோடு தெற்கே வீராணம் ஏரியும், 1983-ல் ஆந்திரத்துடன் செய்த ஒப்பந்தப்படி வரும் கிருஷ்ணா நீரும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் சேர்ந்துகொண்டன. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளும் வற்றிப்போயின. 2015 டிசம்பரில் எந்தச் செம்பரம்பாக்கத்தின் நீர் அடையாற்றில் பாய்ந்து ஊரை மூழ்கடித்ததோ, அதே செம்பரம்பாக்கம் நான்கே ஆண்டுகளில் வெடித்த தரையாகக் கிடந்தது.

சென்னைக் குடிநீர் வாரியம் வழக்கமாக நாளொன்றுக்கு 83 கோடி லீற்றர் வழங்கியது. அதை 52.5 கோடி லீற்றராகக் குறைத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வெட்டு. இவ்வளவு பெரிய குறைப்பைச் செய்தபோது, "ஒரு வீட்டுக்கு இவ்வளவு" என்று விதி எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் நடைமுறைப்படுத்த முடியாது. சென்னையின் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மீற்றர் இல்லை. எவ்வளவு பயன்படுத்தினாலும் ஒரே கட்டணம். யார் எவ்வளவு எடுக்கிறார் என்று தெரியாத ஊரில் யாரைக் குறைக்கச் சொல்வது?

அதனால் வெட்டு தன் வழியில் தானே இறங்கியது. பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகள் தனியார் லாரிகளை வரவழைத்தன. அந்த லாரிகளில் வந்தது புறநகர்க் கிராமங்களின் கிணற்று நீர். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. உணவகங்கள் சில மதியச் சாப்பாட்டை நிறுத்தின. பணமும் தொட்டியும் இல்லாத தெருக்களில் பெண்கள் நள்ளிரவிலும் குடிநீர் வாரிய லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள். லாரி எந்த நேரம் வரும் என்று தெரியாததால் வேலைக்குப் போக முடியாமல் நாட்கூலியை இழந்தார்கள். அடுக்குமாடியில் இருந்தவருக்குக் குறைந்தது பணம். குடிசையில் இருந்தவருக்குக் குறைந்தது குளிப்பு, தூக்கம், சம்பளம், பிள்ளையின் பள்ளிக்கூடம். இரண்டையும் ஒரே வறட்சி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வாகன்கள், 25 லட்சம் லீற்றர், இருநூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். படம் பிடிக்க எத்தனையோ காமிராக்கள் நின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறைத்த பிறகு வழங்கிய 52.5 கோடி லீற்றரில் அது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த முயற்சியில் உழைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. தாகத்துக்கு வந்த ஒவ்வொரு குடமும் பெரியதுதான். ஆனால் இருக்கும் நீரை நியாயமாகப் பங்கிடும் ஏற்பாடு இல்லாதபோது, வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவந்தாலும் அது பங்கீட்டின் குறையைத் தீர்க்காது.

சென்னை சட்டத்தால் சாதித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, பழைய கட்டடம், புதிய கட்டடம் எதுவானாலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே சேகர் ராகவன் போன்றவர்கள் முயன்று சென்னையில் மழை மையம் என்ற ஒன்றைத் தொடங்கி, வீட்டுக்கூரை நீரைக் கிணற்றுக்குள் விடும் முறைகளை மக்களுக்குக் கண்முன் காட்டினார்கள். அடுத்து நல்ல மழை பெய்தபோது கிணறுகளில் நீர் மட்டம் உயர்ந்ததை மக்கள் தாங்களே பார்த்தார்கள். கட்டாயம் என்று சொன்னால் தமிழர் கேட்க மாட்டார்கள் என்பது பொய். காரணம் புரிந்து, எல்லா வீட்டுக்கும் ஒரே விதி என்று நம்பினால் கேட்பார்கள். பிறகு பராமரிப்பு தளர்ந்தது, மேற்பார்வை தளர்ந்தது, பல குழாய்கள் பெயருக்கு நின்றன. அது ஆட்சி கவனிக்காமல் விட்ட பிழை. மக்கள் மறுத்ததால் வந்ததன்று.

இனி கேப் டவுன். தென்னாப்பிரிக்காவின் அந்த நகரத்துக்கு 2015 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழை குறைந்தது. குழாய்களை அடைத்துவிட்டு, ஏறக்குறைய இருநூறு இடங்களில் ஆளுக்கு 25 லீற்றர் வரிசையில் நின்று வாங்கும் நாள் ஒன்று வரும் என்று அறிவித்தார்கள். அந்த நாளுக்குச் சுழிய நாள் என்று பெயர். அதைத் தள்ளிப்போட, 2018 பெப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வரம்பு கட்டினார்கள்.

50 லீற்றர் என்றால் எவ்வளவு? நம் வீட்டில் பழைய கழிப்பறைத் தொட்டி இருந்தால் ஒருமுறை நீர் விட 13 லீற்றருக்கும் மேல் போகும். நான்கு முறை விட்டால் ஒருவரின் ஒரு நாள் பங்கு முடிந்தது, குடிக்கவும் மிச்சமில்லை. நிமிடத்துக்கு 9.5 லீற்றர் விடும் ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 47 லீற்றர் போய்விடும். கனடாவில் ஒருவர் வீட்டில் பயன்படுத்துவது சராசரியாக நாளொன்றுக்கு 220 லீற்றரை ஒட்டியது. அதில் கால் பங்குக்கும் குறைவான நீரில் வாழும்படி ஒரு பெரிய நகரத்து மக்களிடம் கேட்டார்கள். குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். அதிகம் செலவழித்த வீடுகளில் அளவு தாண்டியதும் நீரை மட்டுப்படுத்தும் கருவி பொருத்தப்பட்டது. குழாய் அழுத்தத்தைக் குறைத்து ஒழுக்கைக் கட்டுப்படுத்தினார்கள். விவசாயிகள் சிலர் தங்கள் அணை நீரில் ஒரு பங்கை நகரத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2015-இல் நாளொன்றுக்கு 120 கோடி லீற்றர் அளவில் இருந்த நகரத்தின் பயன்பாடு, 2018 தொடக்கத்தில் பாதிக்கும் கீழே வந்தது. பிறகு மழையும் வந்தது. சுழிய நாள் வரவில்லை.

இது பெரிய வெற்றி. ஆனாலும் அதன் மறுபக்கத்தை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். 2023-இல் 'நேச்சர் சஸ்டெயினபிலிட்டி' என்ற ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, கேப் டவுனின் செல்வர், மேல் நடுத்தர வகுப்பினர் ஆகியோர் மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குதான், ஆனால் நகரத்தின் வீட்டுத் தண்ணீரில் பாதிக்கு மேல் அவர்களிடமே போகிறது என்று கணக்கிட்டது. நீச்சல்குளமும் தோட்டமும் உள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டி வறட்சியைத் தாண்டினார்கள். தகரக் குடிசைகளில் தெருக் குழாயில் நீர் எடுத்தவர்கள் எப்போதுமே 50 லீற்றருக்குக் கீழேதான் வாழ்ந்தார்கள். அவர்களிடம் குறைக்க ஒன்றும் இல்லை. இன்னொன்று: மக்கள் நீரைக் குறைத்ததும் மாநகராட்சியின் வருமானமும் குறைந்தது. அதை ஈடுகட்டக் கட்டணத்தை உயர்த்தினார்கள். "குறைத்துக் காட்டினோம், அதற்குத் தண்டனையா?" என்று மக்கள் கொதித்தார்கள். கட்டாயக் குறைப்பைத் திட்டமிடும் எந்த நகரமும் இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஊர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். 2007-இல் அந்தப் பகுதியின் அணைகளில் நீர் 20 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அரசு ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லீற்றர் என்று இலக்கு வைத்தது. நான்கு நிமிடத்தில் குளித்து முடிக்க வீடு வீடாக மணல் கடிகாரம் கொடுத்தார்கள். மக்கள் இலக்கையும் தாண்டிக் குறைத்தார்கள். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது வேறொன்று. நாளுக்கு 800 லீற்றருக்கு மேல் செலவழித்த வீடுகளுக்கு முதலில் கடிதம் போனது: உங்கள் வீட்டில் எத்தனை பேர், நீர் எதற்குப் போகிறது, ஒழுக்கு இருக்கிறதா என்று விளக்குங்கள். ஆள் அதிகம் என்று காரணம் சொன்னால் ஏற்றுக்கொண்டார்கள். வீணாகப் போகிறது என்றால் நிறுத்தச் சொன்னார்கள்.

தாய்மார்களே, இந்த இடத்தில் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மார்க்கம் நகரத்தில் நம் வீடுகள் பலவற்றில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கும். தெருவில் அடுத்த வீட்டில் இருவர் மட்டும் இருப்பார்கள். நாளை ஒரு வறட்சியில் "வீட்டுக்கு இவ்வளவு" என்று விதி வந்தால், எட்டுப் பேர் சிக்கனமாக வாழும் வீடு குற்றவாளி ஆகும். இருவர் தாராளமாகச் செலவழிக்கும் வீடு நல்ல பெயர் வாங்கும். ஆகவே வீட்டை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள் என்று இப்போதே கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நமக்காக வேறு யாரும் இதைக் கேட்கப் போவதில்லை.

ஒரு பொதுச் சொத்தில் எல்லோரும் சேர்ந்து அள்ளுவது எப்படிப்பட்டது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல் பாறைக்குள் மழைநீர் தங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. துலாவில் இறைத்த காலத்தில் அது தாங்கியது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்து, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இரவு பகலாக இறைத்தபோது, பல இடங்களில் கீழே இருந்த உப்பு மேலே ஏறியது. ஒருவர் வளவில் அதிகமாக இறைத்தால் அடுத்தவர் வளவில் கிணறு உவர்க்கும். குடாநாட்டுக்கு இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவரத் திட்டமிட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலின் நிலை என்ன என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024-இல் திறக்கப்பட்டது.

அதே யாழ்ப்பாணத்தில், சாதியின் பேரால் ஒரு பகுதி மக்கள் பொதுக் கிணற்றில் வாளி போட விடப்படாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற காலமும் இருந்தது. கிணறு நிறைய நீர் இருந்தும் அவர்களுக்கு அது வறட்சிதான். அதை நாம் மறக்கக்கூடாது. நாம் வாழும் கனடாவிலும் அப்படி ஒரு கதை உண்டு. வினிபெக் நகரம் 1919 முதல் ஷோல் ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கிறது. அந்த ஏரிக்கரையிலேயே வாழும் ஷோல் லேக் 40 என்ற முதற்குடி மக்கள் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. ஏரி பக்கத்தில் இருப்பது வேறு, நல்ல நீர் குழாயில் வருவது வேறு.

இப்போது யூனியன்வில்லுக்கு வருவோம். மாலையில் டூகுட் குளத்தைச் சுற்றி நடப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தக் குளத்துக்கு நீர் தரும் புரூஸ் ஓடை, வடக்கே ஓக் ரிட்ஜஸ் மணற்குன்றுகளின் நிலத்தடி நீரால் வாழ்ந்து, ரூஜ் ஆற்றில் சேர்கிறது. மழை குறைந்த கோடையில் முதலில் மெலிவது இந்த ஓடைகள்தான். நம் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரியின் நீர். ஏரிக்கரை ஆலைகளில் சுத்திகரித்த நீரை யார்க் வட்டாரம் ரொறன்ரோவிடமும் பீல் வட்டாரத்திடமும் விலைக்கு வாங்கி, மேட்டை நோக்கிப் பம்பு செய்து நமக்கு அனுப்புகிறது. ஏரி வற்றப் போவதில்லை, உண்மை. ஆனால் ஆலைக்கும் பம்புக்கும் குழாய்க்கும் ஓர் எல்லை உண்டு. கடும் வெயில் நாளில் எல்லோரும் ஒரே மாலையில் புல்தரைக்கு நீர் விட்டால், அந்த ஒரு நாளின் உச்சத்தைத் தாங்குவதற்காகவே பல கோடி டொலர் செலவில் புதுக் குழாயும் புது ஆலையும் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு புல்தரை இல்லாத அடுக்குமாடி வாசியின் பில்லிலும் ஏறுகிறது.

ஏரி நீர் எட்டாத ஊர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. குவெல்ஃப் நகரம் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. அங்கே நீலம், மஞ்சள், சிவப்பு என்று படிநிலை வைத்திருக்கிறார்கள். சிவப்பு வந்தால் புல்தரைக்கு நீர் விடவே கூடாது. 2016 கோடையில் கிழக்கு ஒன்ராறியோவில் பல வீட்டுக் கிணறுகள் வற்றின. இந்த மாகாணத்திலும் வறட்சிக்கு மூன்று படி கொண்ட திட்டம் உண்டு. முதல் படியில் 10 விழுக்காடும் இரண்டாம் படியில் 20 விழுக்காடும் தாமாகக் குறைக்கச் சொல்வார்கள். மூன்றாம் படியில்தான் கட்டாயம் வரும்.

வறட்சி இல்லாமலும் இந்த நிலை வரலாம் என்பதைக் கல்கரி காட்டியது. 2024 ஜூன் 5 அன்று அந்த நகரத்தின் மிகப் பெரிய குடிநீர்க் குழாய் வெடித்தது. வெளியே நீர் விடுவதைத் தடைசெய்தார்கள். வீட்டுக்குள் கால் பங்கு குறைக்கும்படி வேண்டினார்கள். முந்தைய நாள் நகரம் மொத்தமாக எவ்வளவு பயன்படுத்தியது என்று நாள்தோறும் சொன்னார்கள். மக்கள் அந்த எண்ணைக் கவனித்தார்கள், குறைத்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒரு நல்ல குறைப்புச் சட்டத்தில் ஐந்து கூறுகள் இருக்க வேண்டும் என்கிறேன்.

முதலாவது, அளவை. மீற்றர் இல்லாத இடத்தில் நீதி இல்லை. சென்னை அதற்குச் சான்று. நமக்கு மீற்றர் இருக்கிறது. அது பெரிய பேறு.

இரண்டாவது, தொடக்கூடாத ஓர் அடிமட்டம். குடிக்க, சமைக்க, உடலைத் தூய்மையாக வைக்க வேண்டிய நீரில் எந்த வறட்சியிலும் கை வைக்கக்கூடாது. கைக்குழந்தை, நோயாளி, சிறுநீரகச் சிகிச்சையை வீட்டில் செய்பவர், மாதவிடாய்க் காலத்துப் பெண்கள் ஆகியோரின் தேவை அந்த அடிமட்டத்துக்குள் எழுதப்பட வேண்டும். தென்னாப்பிரிக்கா ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லீற்றர் இலவசம் என்ற கொள்கையை வகுத்தது இந்த எண்ணத்தில்தான்.

மூன்றாவது, மேலிருந்து வெட்டுவது. புல்தரை, நீச்சல்குளம், கார் கழுவுதல் முதலில். அதன்பின் அதிகம் செலவழிக்கும் வீடுகள். எல்லோருக்கும் ஒரே விழுக்காடு என்பது சமம் போலத் தெரியும். ஆனால் 300 லீற்றர் செலவழிப்பவர் கால் பங்கைக் குறைத்தால் புல் வாடும். 80 லீற்றரில் வாழ்பவர் கால் பங்கைக் குறைத்தால் பிள்ளை குளிக்காமல் பள்ளிக்கூடம் போகும்.

நான்காவது, ஆளை எண்ணுவது. அதைச் சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது, நகரமும் தன் பங்கைச் செய்வது. ஒழுகும் குழாய்களை அடைத்தோமா, வணிக நிறுவனங்களும் கோல்ப் மைதானங்களும் எவ்வளவு குறைத்தன என்று வாரந்தோறும் பொதுவில் சொல்ல வேண்டும். வருமானம் குறைந்தால் கட்டணம் என்னவாகும் என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். மக்களிடம் மட்டும் தியாகம் கேட்கும் அரசை மக்கள் வெகுநாள் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் இன்றிரவே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கழிப்பறையின் பின்தொட்டியில் சமையலுக்குப் போடும் நிறச்சாயம் சில துளி விடுங்கள். நீர் விடாமல் அரைமணி நேரம் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று பொருள். ஓயாமல் ஒழுகும் ஒரு தொட்டி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லீற்றரை யாருக்கும் பயனில்லாமல் சாக்கடைக்கு அனுப்பும். இதைச் சரிசெய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் வீட்டோடு நின்றுவிடாதீர்கள். வறட்சி வந்த பிறகு எழுதும் சட்டத்தை அச்சம் எழுதும். அப்போது யார் உரக்கப் பேசுகிறார்களோ அவர்களின் வசதிதான் விதியாகும். தண்ணீர் நிறைய இருக்கும் இந்தக் காலத்தில் எழுதினால், யாருக்கும் யாரையும் பார்த்துப் பயம் இல்லை. நியாயத்தை நிதானமாகப் பேசலாம். மார்க்கம் நகரசபையிலும் யார்க் வட்டாரச் சபையிலும் நம் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்டாயக் குறைப்பு வந்தால் எங்கள் அளவை வீட்டுக்குக் கணக்கிடுவீர்களா, ஆளுக்குக் கணக்கிடுவீர்களா? யாருக்கும் குறைக்கக்கூடாத அடிமட்டம் எத்தனை லீற்றர்? முதலில் யாரிடம் குறைப்பீர்கள்? பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால், அதை எழுதும்வரை திரும்பத் திரும்பப் போங்கள்.

கிணற்றடியில் காக்கவைக்கப்பட்டவர்களின் துயரமும் குடத்தோடு நின்ற தாய்மாரின் களைப்பும் நம் மக்களின் வரலாற்றில் இருக்கின்றன. தண்ணீர்ப் பங்கீட்டில் நியாயம் கேட்கும் உரிமையும் கடமையும் அதனால்தான் நமக்கு இரட்டிப்பாக உண்டு. அந்தக் கேள்விகளோடு அடுத்த நகரசபைக் கூட்டத்துக்கு வரும்படி உங்கள் ஒவ்வொருவரையும் அழைக்கிறேன்.